இடித்த கான்கிரீட்டை உடைத்து மறுபடி ஜல்லியாக்கி பி.சி.சி. போடுவது எப்படி?

பழைய வீட்டை இடித்ததும் லாரி வைத்து எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டிவிடாதீர்கள். அதே மனையில் கட்டப்போகும் வீட்டின் அஸ்திவாரக் குழியில் போடும் 1:4:8 பி.சி.சி.க்கு (ஒரு பங்கு சிமெண்ட், நாலு மணல், எட்டு ஜல்லி சேர்ந்த கம்பியில்லாத கான்கிரீட்) வேண்டிய ஜல்லி அந்தக் குவியலிலேயே கிடைக்கலாம். எம்15 என்ற பலத் தரத்துக்குக் கீழுள்ள இதுபோன்ற கலவையில், இப்படி உடைத்தெடுத்த மறுசுழற்சி ஜல்லியை முழுக்கவே போட ஜல்லி, மணலுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 383 (2016) அனுமதிக்கிறது.

1. பிரிப்பது. தளம், பீம், தூண் உடைத்த கான்கிரீட்டை மட்டும் தனியாக ஒதுக்குங்கள். செங்கல், டைல்ஸ், மரத்தூள் வேண்டாம். ஃபால்ஸ் சீலிங்கின் ஜிப்சம் ஒரு துண்டுகூட வரக்கூடாது. அதிலுள்ள சல்பேட் கான்கிரீட்டை உப்பவைத்து வெடிக்கச் செய்யும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் உடைக்காமல் தனியே வையுங்கள், அதன் தூசி நுரையீரலுக்கு ஆபத்து.

2. உடைத்துச் சலிப்பது. கம்பியை உருவிவிட்டு, 40 மி.மீ.க்குள் உடைத்து, தூளைச் சலித்து எடுத்துவிட்டுக் கழுவுங்கள்.

3. ஊறவைப்பது. வேலையின் உயிர் இங்கேதான். உடைத்த ஜல்லி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள்: கருங்கல்லின் மேல் சாம்பல் நிறத்தில் பழைய காரை அப்பியிருக்கும். அது தண்ணீரை உறிஞ்சும். நல்ல கருங்கல் ஜல்லி சுமார் 1 சதவீதம் குடித்தால், இது 4, 5 சதவீதம்கூடக் குடிக்கும். ஒரு கிலோ காய்ந்த ஜல்லியை ஒருநாள் ஊறவைத்து, மேல் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடை போடுங்கள். 1,050 கிராம் வந்தால் 5 சதவீதம். காய்ந்தபடியே கலவையில் கொட்டினால் கலவைத் தண்ணீரை அது இழுத்துக்கொள்ளும், கலவை இறுகும். உடனே சித்தாள் குடத்தைச் சாய்ப்பார், பலம் போய்விடும். அதனால் முந்தின நாளே நனைத்து, கலக்கும்போது மேலே மினுமினுப்பு இல்லாத ஈரத்தில் எடுங்கள்.

4. கலப்பது. ஒரு மூட்டை சிமெண்டுக்கு 35 லிட்டர் பெட்டியால் மணல் நாலு, ஜல்லி எட்டு. மெஷினில் முதலில் மணலும் ஜல்லியும், பாதித் தண்ணீரும். பிறகு சிமெண்ட், கடைசியில் மீதித் தண்ணீர். இப்படிச் செய்தால் சிமெண்ட் பால் பழைய காரையின் விரிசல்களுக்குள் புகுந்து அடைக்கும். கொத்தனார் முணுமுணுப்பார், விடாதீர்கள்.

போட்டபின் தட்டிக் கெட்டியாக்கி, குறைந்தது ஏழு நாள் தண்ணீர் கட்டுங்கள்.

மேல்தளத்துக்கும் இதைப் போடலாமா? கம்பி கட்டிய கான்கிரீட்டில் எம்25 தரம் வரை, மொத்த ஜல்லியில் 20 சதவீதம் மட்டுமே மறுசுழற்சி ஜல்லிக்கு அனுமதி. அதுவும் ஆய்வகச் சோதனை முடிந்து, பொறியாளர் கலவை விகிதம் போட்டுக் கொடுத்தால்தான். வீட்டு வாசலில் சுத்தியலால் உடைத்த ஜல்லி அதற்கு ஆகாது.