கௌபாய், பேய், விண்வெளி: பழைய படங்களை வீட்டில் ஒழுங்காகப் பார்ப்பது எப்படி?

‘நோஸ்ஃபெராட்டு’ என்ற பழைய மௌனப் பேய்ப்படத்தை யூடியூபில் பார்த்துவிட்டுப் பலர் கேட்கும் கேள்வி இது: வெயில் பட்டால் செத்துப்போகும் ரத்தக்காட்டேரி, பட்டப்பகலில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் எப்படி நடந்து போகிறது? படத்தில் தப்பில்லை. 1922-இல் கிடைத்த ஃபிலிமில் இரவுநேர வெளிப்புறத்தைப் பதிவு செய்வது பெரும்பாடு. ஆகவே இயக்குநர் முர்னாவ் பகலில் எடுத்தார். பிரதி போடும்போது அந்தப் பகுதிகளுக்கு நீலச் சாயம் ஏற்றினார்கள். நீலம் என்றால் இரவு, மஞ்சள் என்றால் விளக்கு வெளிச்சம் என்று அன்றைய ரசிகருக்குச் சொல்லாமலே தெரியும். சாயம் போன கறுப்பு வெள்ளைப் பிரதியில் காட்டேரி வெயில் காய்கிறது.

மட்டமான பிரதியில் பார்த்தாலும் ஒரு குடும்பக் கதை பாதியாவது தேறிவிடும். கௌபாய் படத்துக்கு அகலம் வேண்டும், பேய்ப்படத்துக்கு இருட்டும் நிசப்தமும் வேண்டும். விண்வெளிப் படத்திலோ எந்த வெர்ஷனைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துக் கதையே மாறும். “சரியான அறுவை” என்று பாதியில் நிறுத்தப்பட்ட பல படங்கள் உண்மையில் தப்பான பிரதியில், தப்பான செட்டிங்கில் ஓடியவை.

முதலில் டிவி

கடையில் கண்ணைப் பறிப்பதற்காக வைத்த ‘விவிட்’ மோடிலேயே பல வீடுகளில் டிவி வருடக்கணக்கில் ஓடுகிறது. மெனுவில் ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ இருந்தால் அதைப் போடுங்கள்; பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால் ‘சினிமா’ அல்லது ‘மூவி’. அதன்பிறகும் சிலவற்றைக் கையால் பார்த்தாக வேண்டும்.

முதல் எதிரி, அசைவை வழவழப்பாக்கும் வசதி. எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சாம்சங்கில் ‘ஆட்டோ மோஷன் பிளஸ்’ அல்லது ‘பிக்சர் கிளாரிட்டி’, சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’ என்ற பெயர்களில் ஒளிந்திருக்கும். சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம்களில் எடுக்கப்படுவது. டிவி இடையிடையே தானாக ஃப்ரேம்களைக் கற்பனை செய்து செருகும்போது எந்தப் படமும் மெகா சீரியல் போலாகிவிடுகிறது. இதில் அதிகம் அடிபடுவது பேய்ப்படம்தான். ‘தி திங்’ (1982) படத்துக்கு ராப் பாட்டின் (Rob Bottin) என்ற கலைஞர் ரப்பரிலும் பிசினிலும் செய்த உருவங்கள் 24 ஃப்ரேமில் உயிரோடு துடிக்கும். வழவழப்பாக்கினால் ரப்பர் ரப்பராகவே தெரியும். முழுவதுமாக அணையுங்கள். ‘லோ’ போதாது.

ஷார்ப்னஸை 0-வுக்குப் பக்கத்தில் கொண்டு வாருங்கள் (சோனி டிவியில் மட்டும் 50தான் நடுநிலை, அதற்குக் கீழே போனால் படம் மங்கும்). நாய்ஸ் ரிடக்‌ஷனை அணையுங்கள். பழைய ஃபிலிமின் பொடிப்பொடியான புள்ளிகள் அழுக்கு அல்ல, படமே அவற்றால் ஆனதுதான். துடைத்தெடுத்தால் கௌபாய் நாயகன் ஜான் வெய்ன் மெழுகு பொம்மையாகிவிடுவார். மின்சாரம் மிச்சப்படுத்தும் மோடையும், அறை வெளிச்சத்துக்கேற்பத் திரையை மங்கவைக்கும் சென்சாரையும் அணைக்க மறக்கவே கூடாது. அணைக்காவிட்டால், இருட்டான காட்சி வந்ததும் டிவி இன்னும் மங்கிக்கொள்ளும்.

பிளேயரையோ செட்டாப் பாக்ஸையோ எச்டிஎம்ஐயில் இணைத்திருந்தால் கறுப்பு அளவு இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ‘லிமிடெட்’, ‘ஃபுல்’ என்று இரண்டு வகை உண்டு. இரண்டும் முட்டிக்கொண்டால், ஒன்று கறுப்பு சாம்பல் புகையாக வெளிறிவிடும், அல்லது நிழலில் இருப்பதெல்லாம் மையில் முங்கிவிடும். இரண்டு பக்கமும் ‘லிமிடெட்’ வையுங்கள். சோதிப்பது எளிது. திரையின் மேலும் கீழும் வரும் பட்டைகள் முழுக் கறுப்பாக இருக்க வேண்டும், அதே நேரத்தில் நடிகர் போட்டிருக்கும் கறுப்புக் கோட்டின் மடிப்புகளும் தெரிய வேண்டும்.

அறையை இருட்டாக்குங்கள். ஆனால் எல்சிடி டிவி கும்மிருட்டில் கறுப்பைச் சாம்பலாகக் காட்டும். டிவிக்குப் பின்னால், கண்ணில் நேராகப் படாதபடி, 6500 கெல்வின் வெள்ளை எல்இடி பட்டை ஒன்றை மங்கலாக எரியவிட்டால் கறுப்பு மீண்டும் ஆழமாகத் தெரியும். எதிர்ச்சுவரில் ட்யூப்லைட்டைப் போட்டுக்கொண்டு பேய்ப்படம் பார்ப்பவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பட்டைகளை விரட்டாதீர்கள்

டிவி 16:9, அதாவது உயரத்தைப்போல் 1.78 மடங்கு அகலம். 1939-இல் வந்த கௌபாய் படம் ‘ஸ்டேஜ்கோச்’ 1.37 மடங்கு, எனவே இடமும் வலமும் பட்டை வரும். இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனியின் கௌபாய் படங்கள் 2.35 மடங்கு, எனவே மேலும் கீழும் பட்டை வரும். ‘ஜூம்’ போட்டுத் திரையை நிரப்பினால் 2.35 படத்தில் ஏறக்குறைய கால்வாசி காணாமல் போகும். ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’யின் கல்லறை மோதலில் மூன்று பேர் நிற்கிறார்கள், கால்வாசியை வெட்டினால் யாருடைய தோளை எடுப்பது?

‘ஹாலோவீன்’ (1978) இன்னும் மோசமாக அடிபட்ட படம். இயக்குநர் ஜான் கார்பென்டர் கொலைகாரனை ஃப்ரேமின் ஓரத்தில், வேலிக்குப் பக்கத்தில், வாசலின் நிழலில் நிறுத்திவைக்கிறார். பழைய 4:3 வீடியோ பிரதியில் படத்தின் 40 சதவீதத்துக்கும் மேல் போய்விடும். போகும் பகுதியில்தான் அவன் நிற்கிறான். “பயமே வரலையே” என்றால் எப்படி வரும்?

படத்தின் அளவு மெனுவில் சாம்சங்கில் ‘ஸ்க்ரீன் ஃபிட்’, எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’ வைத்தால் ஓரங்கள் வெட்டுப்படாது. கணினியில் விஎல்சி (VLC) பிளேயர் என்றால் ‘ஏ’ பொத்தான் விகிதத்தை மாற்றும். முகங்கள் நீளமாகவோ குண்டாகவோ தெரிந்தால் அதை அழுத்தி இயல்புநிலைக்குக் கொண்டு வாருங்கள். அகலப் படத்துக்கு நாற்காலியையும் முன்னே இழுங்கள்: 55 அங்குல டிவிக்கு 1.7 முதல் 2.2 மீட்டர். சோபா இருக்கும் இடத்தில் உட்கார்ந்தால் பாலைவனம் தபால் தலையாகத் தெரியும்.

ஒலி

1960-களின் இத்தாலியக் கௌபாய் படங்களில் ‘ஒரிஜினல் ஆடியோ’ என்று ஒன்றைத் தேடிக் களைக்காதீர்கள். நடிகர்கள் தத்தம் மொழியில் பேசினார்கள். எல்லாமே பிறகு டப்பிங்கில் ஏறியது. வாயசைவு ஒட்டாதது பிரதியின் குறையல்ல. சிவகாசி லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் படித்து வளர்ந்தவர்களுக்கு இத்தாலியக் கௌபாய் அந்நியமும் அல்ல. டெக்ஸும் 1948-இல் இத்தாலியில் பிறந்தவர்தான். ஆங்கில டப்பிங்கையே தேர்ந்தெடுங்கள். லியோனி படங்களின் நாயகன் கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் சொந்தக் குரல் அதில்தான் இருக்கிறது.

மோனோ (ஒரே தடம்), 5.1 (சுற்றியுள்ள ஸ்பீக்கர்களுக்குப் பிரித்த ஒலி) இரண்டும் இருந்தால் மோனோ. பிற்காலத்தில் 5.1-ஆகப் பிரிக்கும்போது சில படங்களில் துப்பாக்கிச் சத்தத்தையே புதிதாக மாற்றிவிட்டார்கள். டிவியின் சொந்த ஸ்பீக்கரில் 5.1 போட்டால் வசனம் முணுமுணுப்பாகவும் இசை இடியாகவும் வரும். அப்போது ஸ்டீரியோ தடத்துக்கு மாறுங்கள், அல்லது ‘நைட் மோட்’ போடுங்கள். ஆனால் பேய்ப்படத்துக்கு நைட் மோட் விஷம். அது மெல்லிய சத்தத்தைத் தூக்கி, பெரிய சத்தத்தை அமுக்கிவிடும். திடுக்கிட என்ன மிச்சம்? பக்கத்து வீட்டுக்காரர் பிரச்சினை என்றால் ஹெட்போன் போடுங்கள்.

ஒலியளவைச் சரிபார்க்க ‘ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்’ (1968) தொடக்கத்தைப் போட்டுப் பாருங்கள். ரயில் நிலையம், கிறீச்சிடும் காற்றாலை, சொட்டும் தண்ணீர், ஒரு ஈ. ஈயின் ரீங்காரம் தெளிவாகக் கேட்கும் அளவுக்கு வைத்துவிட்டுப் பிறகு ரிமோட்டைத் தொடாதீர்கள்.

சப்டைட்டில் பட்டியலில் காது கேளாதோருக்கான வகை தனியாக இருக்கும். தேவைப்படாதவர்கள் பேய்ப்படத்தில் அதைத் தவிர்க்கலாம். கதவு திறப்பதற்கு முன்பே “கதவு மெல்லக் கிறீச்சிடுகிறது” என்று எழுத்து வந்துவிட்டால் போச்சு. எழுத்து முந்திக்கொண்டோ பிந்தியோ வந்தால் விஎல்சியில் ‘ஜி’, ‘எச்’ பொத்தான்கள் 50 மில்லிசெகண்டு வீதம் நகர்த்தும். நேரம் ஆக ஆக விலகல் கூடிக்கொண்டே போனால் அது வேறு வேகத்துக்குச் செய்த கோப்பு. நகர்த்திப் பயனில்லை, வேறு கோப்பு தேடுங்கள்.

எந்த வெர்ஷன்?

ஓடும் நேரத்தைப் பார்த்தால் பெரும்பாலும் விடை தெரிந்துவிடும். ஒரு பொறி மட்டும் உண்டு. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் வழங்கிய பழைய ‘PAL’ வீடியோ முறை டிவிடிகளில் 24 ஃப்ரேம் 25-ஆக ஓடும். 120 நிமிடப் படம் 115 நிமிடம் சொச்சத்தில் முடியும், சுருதியும் சற்று ஏறும். அதைக் கண்டு படத்தை வெட்டிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். டிவிடியின் நிமிடத்தை 25-ஆல் பெருக்கி 24-ஆல் வகுத்தால் உண்மையான நீளம் வந்துவிடும்.

‘பிளேட் ரன்னர்’ குழப்பம் பிரசித்தம். 1982-இல் திரைக்கு வந்ததில் ஹாரிசன் ஃபோர்டின் பின்னணிக் குரல் கதையை விளக்கிக்கொண்டே வரும், முடிவில் பச்சை மலைகளுக்கு மேலே கேமரா பறக்கும். அந்த மலைகள் ‘தி ஷைனிங்’குக்காக எடுத்து மிஞ்சிய காட்சிகள். 1992-இல் இரண்டும் போயின. 2007-இன் ‘ஃபைனல் கட்’தான் இயக்குநர் ரிட்லி ஸ்காட்டின் முழுக் கட்டுப்பாட்டில் வந்தது. முதல்முறை பார்ப்பவர் இதைத்தான் பார்க்க வேண்டும். பிறகு ஆர்வம் இருந்தால் 1982 பிரதி, ஸ்டுடியோ எதற்கெல்லாம் பயந்தது என்று தெரிந்துகொள்ள. ‘ஏலியன்’ இதற்கு நேர்மாறு: 2003-இல் வந்த டைரக்டர்ஸ் கட் ஒரு நிமிடம் குறைவு, 1979 வெர்ஷனே மேல்.

‘மெட்ரோபோலிஸ்’ (1927) ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தால் நீங்கள் பார்த்தது துண்டு. தொலைந்த காட்சிகள் 2008-இல் புவெனோஸ் ஐரிஸில் கிடைத்தன. அவற்றைச் சேர்த்து 2010-இல் வந்த பிரதி ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஓடும். கீறலும் கோடுமாக, சற்றுச் சிறிதாக வரும் பகுதிகள்தான் அந்தக் கண்டெடுப்பு.

‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ (1968) கறுப்புத் திரையில் லிகெட்டியின் இசையோடு தொடங்கும். சில நிமிடம் படமே வராது. டிவி கெடவில்லை, கேபிளை ஆட்ட வேண்டாம். அதன்பின்னும் முதல் வசனத்துக்கு 25 நிமிடம் போல ஆகும். இடைவேளை அட்டையும் உண்டு. அங்கே மட்டும் எழுந்திருங்கள்.

‘தி ஷைனிங்’ (1980) அமெரிக்காவில் 144 நிமிடம், பிற நாடுகளுக்கு 119. இரண்டுமே இயக்குநர் குப்ரிக் கை வைத்தவை, ஆகவே எதையும் சிதைந்த பிரதி என்று சொல்ல முடியாது. ஆனாலும் 144. ஹோட்டலின் தனிமை உடம்பில் இறங்க அந்த நேரம் வேண்டும். ‘தி எக்ஸார்சிஸ்ட்’ விஷயத்தில் பழையதே போதும்: 1973-இன் 122 நிமிடம் இறுக்கமானது, 2000-இல் 132 ஆனபோது, படிக்கட்டில் சிலந்தி மாதிரி இறங்கும் காட்சி அதிர்ச்சி தந்துவிட்டு எதிலும் ஒட்டாமல் நிற்கிறது.

‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968) இணையத்தில் எங்கும் இலவசம். வினியோகஸ்தர் படத்தின் பெயரை மாற்றியபோது காப்புரிமை வரி விடுபட்டதால் அது பொதுச்சொத்தாகிவிட்டது. அதனால்தான் அத்தனை மட்டமான பிரதிகள். மூல நெகட்டிவிலிருந்து செய்த 4கே பிரதியைத் தேடுங்கள். வண்ணம் பூசியதைத் தொடாதீர்கள்.

ஸ்ட்ரீமிங்கில் இருட்டான காட்சிகளில் கட்டம் கட்டமாக, படி படியாகத் தெரிந்தால் டிவியைக் குறை சொல்லாதீர்கள். நொடிக்கு 5 மெகாபிட்டில் இருட்டு தாங்காது. ப்ளூரே 40 வரை தரும். மூன்று வகையில் எதற்காவது ப்ளூரே வாங்கலாம் என்றால் பேய்ப்படத்துக்கு வாங்குங்கள்.

ஜோடி போட்டுப் பாருங்கள்

புதியவர்கள் ‘சிறந்த 100’ பட்டியலை மேலிருந்து கீழே இறங்குவதைவிட, ஒன்றுக்கொன்று பதில் சொல்லும் படங்களை இரண்டிரண்டாகப் பார்ப்பது பலன் தரும். குரோசாவாவின் ஜப்பானியப் படம் ‘யொஜிம்போ’ (1961) பார்த்த மறுநாள் லியோனியின் ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ (1964). கதையைக் காப்பியடித்ததாக லியோனி படத்தின் மேல் வழக்கு ஏன் வந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

‘ஹை நூன்’ (1952) 85 நிமிடம், கதையின் கடிகாரமும் ஏறத்தாழ அதே வேகத்தில் ஓடும். நடுவில் நிறுத்தினால் படமே கெட்டுவிடும், சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள். அதில் காவலர் ஊரெல்லாம் உதவி கேட்டு அலைவது இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸுக்குப் பிடிக்கவில்லை. பதிலாக ‘ரியோ பிராவோ’ (1959) எடுத்தார். அதில் வெய்ன் உதவி கேட்காமலே ஆட்கள் வந்து சேர்கிறார்கள். வாதத்தில் ஹாக்ஸ் தோற்கிறார் என்பதே நம் கட்சி, ஆனால் சினிமாவாக ‘ரியோ பிராவோ’ உட்கார்ந்து ரசிக்க இன்னும் சுகம். மூன்றாவது நாள் ‘அவுட்லேண்ட்’ (1981): அதே ‘ஹை நூன்’, வியாழனின் நிலவில், ஷான் கானரியோடு.

ஹாக்ஸைப் பிடித்துக்கொண்டே போனால் கார்பென்டர் வருவார். ‘ரியோ பிராவோ’வின் முற்றுகையை நகரத்துக் காவல் நிலையத்தில் வைத்து ‘அசால்ட் ஆன் ப்ரிசிங்க்ட் 13’ (1976) எடுத்தார். எடிட்டராகத் தன் பெயருக்குப் பதில் வெய்னின் கதாபாத்திரப் பெயரான ஜான் டி. சான்ஸ் என்று போட்டுக்கொண்டார். ‘ஹாலோவீனில்’ குழந்தைகள் டிவியில் பார்ப்பது ஹாக்ஸ் தயாரித்த ‘தி திங் ஃப்ரம் அனதர் வேர்ல்ட்’ (1951). நான்காண்டு கழித்து அதையே ‘தி திங்’ என்று கார்பென்டர் தானே எடுத்தார். 1951, 1982 என்ற வரிசையில் பாருங்கள். 1982 படத்தின் தொடக்கத்தில் நாயைத் துரத்தி வரும் நார்வேக்காரர் தன் மொழியில் கத்துவார். அதைப் பெயர்த்துத் தருகிற சப்டைட்டில் கோப்பாக இருந்தால் அந்தக் காட்சி முடியும்வரை அணைத்து வையுங்கள். படத்தின் ரகசியத்தை அவர் அங்கேயே சொல்லிவிடுகிறார்.