பழைய ஸ்கூலுக்கே மறுக்கா வேலைக்குப் போறீங்களா? நான் பண்ணின தப்பையெல்லாம் நீங்களும் பண்ணிப்போடாதீங்க

2009ல இருந்து 2016 வரைக்கும் கோபிசெட்டிபாளையம் (நாங்க கோபிம்போம்) பக்கம் ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல பிளஸ் டூக்கு மேத்ஸ் எடுத்துட்டு இருந்தேன். பாப்பா பொறந்ததும் நின்னுட்டேன், அப்பறம் வீட்டுக்காரருக்கு திருப்பூர்ல வேலைங்கறதால அங்க ஒரு ஸ்கூல், கொரோனா, ஆன்லைன் கிளாஸுனு என்னென்னமோ ஆகி 2022 ஜூன்ல மறுபடி அதே கோபி ஸ்கூல் கேட்ல போயி நின்னேன். வாட்ச்மேன் அண்ணன் "ஏனுங் மிஸ், வந்துட்டீங்களா"ன்னு கேட்டதும் எனக்கு கண்ணு கலங்கிருச்சு. வினையே அங்கதான். "நம்ம ஸ்கூல் தானே"ங்கற நெனப்பு வந்துருச்சுன்னா வாய் அடைச்சுக்கும், கேக்க வேண்டியதை கேக்க மாட்டோம், நான் பண்ணின முக்காவாசி தப்பு அதுல வந்ததுதான்.

மொதல்ல சம்பளம். கரஸ் சார், அதான் ஸ்கூலை நடத்தற கரஸ்பாண்டன்ட், போன்லயே "நம்ம மிஸ்ஸு, பாத்து பண்ணிக்கலாம்"னாரு, நானும் சரிங் சார்னுட்டேன். மாசக் கடைசியில பாத்தா புதுசா சேந்த பிள்ளைக்கும் எனக்கும் ஐநூறு ரூவாதான் வித்தியாசம். நீங்க விட்டுட்டுப் போன பழைய சம்பளத்துல இருந்து பேச்சையே ஆரம்பிக்காதீங்க, இப்ப அந்த சப்ஜெக்டுக்கு சுத்துவட்டாரத்துல என்ன குடுக்கறாங்கன்னு நாலு பேருகிட்ட விசாரிச்சுட்டு, நடுவுல வேற ஸ்கூல்ல இருந்த வருஷத்தையும் எக்ஸ்பீரியன்ஸ்ல சேத்துப் பேசுங்க. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை கையில வாங்குங்க, அதுல மே மாச சம்பளம் உண்டா, நோட்டீஸ் பீரியட் எத்தனை மாசம்னு பாருங்க. ஒரிஜினல் சர்டிபிகேட்டை காட்டிப்போட்டு ஜெராக்ஸை மட்டும் குடுங்க, "ஆபீஸ்லயே இருக்கட்டும் மிஸ்"னு அன்பாத்தான் சொல்லுவாங்க, நாளைக்கு வேற எடம் போகணும்னா அந்த பைலுக்காக நடையா நடக்கணும்.

அடுத்தது பி.எஃப்., இதுலதான் நான் பெருசா கோட்டை விட்டேன். 2016ல நின்னப்போ காசு கெடைக்குதேன்னு 10சி பாரமும் சேத்துப் போட்டு பென்ஷன் பங்கையும் எடுத்துட்டேன். பி.எஃப். பென்ஷனுக்கு 10 வருஷ சர்வீஸ் வேணும், எனக்கு 7 வருஷம் கையில இருந்துச்சு, எடுக்காம ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வெச்சிருந்தா அந்த 7 அப்படியே கணக்குல நின்னிருக்கும். எடுத்ததும் சைபர். இப்ப மறுபடி ஒண்ணுல இருந்து எண்ணிட்டு இருக்கறேன். நீங்க எடுக்காம இருந்தீங்கன்னா தொடாதீங்க, சேரும்போது அதே பழைய யூஏஎன் நம்பரையே (எந்த வேலைக்குப் போனாலும் மாறாத பி.எஃப். நம்பர்) குடுங்க, ஆபீஸ்ல அவசரத்துல புது நம்பர் போட்டு வெச்சாங்கன்னா ரெண்டையும் ஒண்ணு சேக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிரும்.

கிராஜுவிட்டியும், அதான் வேலையை விட்டு நிக்கும்போது மொத்தமா குடுக்கற பணம், இதோட ஒட்டுனதுதான். டீச்சருக்கெல்லாம் அது கெடையாதுன்னு ஸ்டாஃப் ரூம்ல இன்னமும் சொல்லிட்டு இருக்கறாங்க. 2009லயே சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3ல இருந்தே டீச்சர்களுக்கும் உண்டுன்னு ஆக்கிட்டாங்க, பிரைவேட் ஸ்கூல்காரங்க கேஸ் போட்டும் 2022ல சுப்ரீம் கோர்ட்டு அந்தத் திருத்தம் செல்லும்னு சொல்லிருச்சு. தொடர்ச்சியா 5 வருஷம் வேலை பாத்திருக்கணும். கடைசி பேசிக்கோட டி.ஏ. இருந்தா அதையும் கூட்டி, 26ஆல வகுத்து 15ஆல பெருக்கி வருஷத்தால பெருக்கணும். 13,000 ரூவாய்க்கு 7 வருஷம்னா 52,500. கணக்கு டீச்சர் நான், ஊரு பிள்ளைங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்துட்டு என் கணக்கை போடாம விட்டுட்டேன் பாருங்க. பழைய தடவைக்கான கிராஜுவிட்டியை வாங்கலைன்னா மறுபடி சேரும்போதே பேசிருங்க, சேந்ததுக்கப்பறம் "அதான் மறுபடி வந்துட்டீங்களே மிஸ்"னு முடிச்சுருவாங்க.

சரி, காசு விசயம் போதும். மொத நாள் ஸ்டாஃப் ரூம்ல ஜன்னலோரம் என் பழைய சேர்ல போயி உக்காந்துட்டேன். ஒரு பிள்ளை கட்டு நோட்டோட வந்து நின்னா, "உக்காருங்க மிஸ், பரவால்ல"ன்னுட்டு வராண்டா திண்டுல உக்காந்து திருத்த ஆரம்பிச்சா. யாருன்னு பாத்தா எங்கிட்ட பிளஸ் டூ படிச்ச பிள்ளை, இப்ப கெமிஸ்ட்ரி மிஸ், அது அவ சேர். ஒரு வாரம் அந்தத் திண்டுலயே உக்காந்திருக்கறா, ஆயாம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். இதுல நான் அவளை பசங்க முன்னாடியே "ஏ கண்ணு, இங்க வா"ன்னு வேற கூப்புட்டுட்டு இருந்தேன். நம்மூர்ல பொடுசுகளையே வாங்க போங்கங்கறோம், கூட வேலை பாக்கற டீச்சரை கிளாஸ் பசங்க முன்னால வா போன்னா அவ சொல்லு அந்த கிளாஸ்ல எப்படி எடுபடும். இப்ப பசங்க இருந்தா "மிஸ், வாங்க", தனியா இருந்தா மட்டும் கண்ணு. ஆமா, ஆயாம்மாவை கையில வெச்சுக்கோங்க, ஸ்கூல்ல இப்ப யாரு யாரோட பேசறதில்லைங்கறது அவங்களுக்குத்தான் தெரியும், பழைய சண்டையில போயி தலையைக் குடுக்காம தப்பிச்சுக்கலாம்.

பாடம் தெரியும்ங்கற தெனாவெட்டும் ஆகாது. நான் விட்டுட்டுப் போனப்போ பிளஸ் டூ மொத்தம் 1200, மேத்ஸ் 200, பத்து மார்க் கணக்கு பத்து போட்டாலே 100, கம் புக்குனு ஒரு மார்க் கேள்விக்கு இருந்த புக்கை உருப்போட வெச்சு ஒரு மார்க்கை தேத்திருவோம். வந்து பாத்தா மொத்தமே 600, மேத்ஸ் பேப்பர் 90 மார்க், பத்து மார்க் கணக்குங்கறதே இல்ல, அஞ்சு மார்க்தான் பெருசு, புக்கும் வேற. பிளஸ் ஒன்னுக்கு பப்ளிக் 2018ல வந்துச்சு, 2025-26ல இருந்து அதையும் எடுத்துட்டாங்க. பழைய நோட்ஸை எடைக்குப் போட்டுருங்க, நான் ரெண்டு மாசம் அதை வெச்சு ஓட்டிட்டு ஒரு பையன் "மிஸ், இது புக்ல இல்லீங்"னு சொன்னப்பறம்தான் போட்டேன். குச்சியையும் அதோட சேத்து விட்டுருங்க, "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிங்க"ன்ன அப்பாருங்க காலம் போச்சு, அடிக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்குது, சைல்டு ஹெல்ப்லைன் 1098 நம்பரு பசங்களுக்கு மனப்பாடம்.

இன்னொண்ணு, அண்ணன் அக்காவையெல்லாம் இழுக்காதீங்க. பிளஸ் ஒன்ல ஒரு பையன், மூஞ்சிய பாத்ததுமே தெரிஞ்சுருச்சு, இவங்க அண்ணன் 2014 பேட்ச்ல எங்கிட்ட சென்டம். "ஏண்டா, உங்கண்ணன் எப்பேர்ப்பட்ட பையன், நீ இப்படி போடறே"ன்னேன், கிளாஸே சிரிச்சுது. பையன் சிரிக்கல. பெல் அடிச்சதும் டெஸ்க்கு பக்கம் வந்து மெதுவா சொன்னான், "அண்ணன் வீட்டுக்கு வந்து மூணு வருசம் ஆச்சுங் மிஸ், எங்கிருக்குதுன்னே தெரியாது, அம்மா அவன் பேரை எடுத்தாலே அழுகுது, பேரன்ட்ஸ் மீட்டிங்ல மட்டும் கேட்டுறாதீங்"னு. சரி கண்ணுன்னுட்டு நோட்டை வாங்கி, அவன் தப்பா போட்ட கணக்கை திரும்ப போட்டுக் காட்டினேன்.