விருந்தினருக்கு எந்த டிஸ்க்கைப் போடுவது? வீட்டுத் திரையரங்கு வைத்திருப்போருக்கான செய்முறை

குன்னூரில் எங்கள் வீட்டு முன்னறையைச் சிறிய திரையரங்காக மாற்றி முடித்த பிறகு, பார்க்க வந்த ஒவ்வொருவரும் "எதையாவது போட்டுக் காட்டுங்களேன்" என்றுதான் கேட்டார்கள். ரிசீவரையும் (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி) ஸ்பீக்கரையும் மாதக்கணக்கில் விசாரித்து வாங்கியிருந்த நான், அந்த 'எதையாவது' எது என்பதை மட்டும் யோசித்து வைத்திருக்கவில்லை. கைக்கு அகப்பட்ட சண்டைப் படத்தைப் போட்டேன். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். காட்ட வேண்டியது சத்தத்தை அல்ல என்பது அப்போதுதான் புரிந்தது. வந்தவரின் கண்ணுக்கும் காதுக்கும் ஏற்கெனவே பழகிய ஒன்றை, மழையையோ மூடுபனியையோ தாய்மொழிக் குரலையோ, உள்ளது உள்ளபடி கொண்டுவந்து நிறுத்தும் டிஸ்க்கைத்தான் தேட வேண்டும். அதை நாம் நாள்தோறும் பார்த்துக் கேட்டு வாழ்வதால், நீலகிரிக்காரர்களை இந்த விஷயத்தில் யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

படி 1: டிஸ்க்கின் வகையை அறிந்துகொள்ளுங்கள்

டிவிடியை இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம். நம் ஊர் டிவிடியின் படம் 720க்கு 576 புள்ளிகள் மட்டுமே. பெரிய திரையில் அது கலங்கித் தெரியும். 2006ஆம் ஆண்டு சந்தைக்கு வந்த புளூரே 1920க்கு 1080 புள்ளிகளைத் தருகிறது. 25 அல்லது 50 ஜிகாபைட் கொள்ளளவு உடையது. 2016இல் வந்த 4கே அல்ட்ரா எச்டி புளூரே 3840க்கு 2160 புள்ளிகளையும், அதைவிட முக்கியமாக எச்டிஆர் எனப்படும் விரிந்த ஒளி வரம்பையும் தருகிறது. இதைப் படிக்கத் தனி பிளேயர் வேண்டும். சாதாரண புளூரே பிளேயரில் 4கே டிஸ்க் ஓடாது.

இணையத்தில் அதே படம் 4கே தரத்தில் கிடைக்கும்போது டிஸ்க் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இணைய வழியில் வரும் 4கே படம் வழக்கமாக நொடிக்குச் சுமார் 15 முதல் 25 மெகாபிட் அளவில் வருகிறது. 4கே டிஸ்க்கிலோ அந்த அளவு 100 மெகாபிட்டைத் தாண்டவும் இடம் உண்டு. மழைக்காலத்தில் நம் மலையில் இணைய இணைப்பு எப்படி இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. விருந்தினர் உட்கார்ந்திருக்கும்போது திரையில் வட்டம் சுழன்றுகொண்டிருந்தால், அதுவரை செய்த ஏற்பாடு எல்லாம் வீண்.

வாங்குமுன் ரீஜன் குறியீட்டைப் பார்த்துவிடுங்கள். சாதாரண புளூரேவில் உலகத்தை ஏ, பி, சி என மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்கா ஏ, ஐரோப்பா பி, இந்தியா சி. அமெரிக்காவிலிருந்து வந்த அத்தை மகன் ஆசையாக வாங்கிவந்த டிஸ்க் ஒன்று என் பிளேயரில் ஓட மறுத்து, இன்னும் அலமாரியில் உறையோடு நிற்கிறது. 4கே டிஸ்க்குகளுக்கு இந்தப் பூட்டு இல்லை. விலை மிகக் குறைவாக இருந்தால் இன்னும் கவனமாக இருங்கள்: இணையத்தில் ஒருவரிடம் நான் வாங்கியதில் அட்டை மட்டும் அசலைப் போல இருந்தது, உள்ளே இருந்தது வீட்டில் பதிவு செய்த நகல். அசல் டிஸ்க்கின் அடிப்பக்கத்துக்கும் பதிவு செய்யும் டிஸ்க்கின் அடிப்பக்கத்துக்கும் நிறம் வேறுபடுவதை, இரண்டையும் விளக்கருகே சாய்த்துப் பார்த்தால் கண்டுகொள்ளலாம்.

படி 2: ஒலித்தடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்

தொடங்குகிறவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ஒரே டிஸ்க்கில் பல ஒலித்தடங்கள் இருக்கும். மெனுவில் ஆடியோ பகுதிக்குள் சென்று டால்பி ட்ரூ எச்டி, டால்பி அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச் செய்யும் முறை), டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ என்ற பெயர்களில் எது இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். ட்ரூ எச்டியும் மாஸ்டர் ஆடியோவும் இழப்பில்லாச் சுருக்கம் உடையவை. ஒலிக்கூடத்தில் முடித்துக் கொடுத்த ஒலி ஒரு துளியும் குறையாமல் வரும். வெறும் டால்பி டிஜிட்டல் என்று போட்டிருந்தால் அது இழப்புள்ள சுருக்கம். சில டிஸ்க்குகளில் மெனுவைத் தொடாவிட்டால் இதுவே தானாக ஓடும்.

அடுத்து, பிளேயரின் அமைப்புகளில் டிஜிட்டல் வெளியீட்டைப் பிட்ஸ்ட்ரீம் (ஒலியைப் பிளேயர் பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்பும் முறை) என்று வையுங்கள்; செகண்டரி ஆடியோ (படத்தின் ஒலியோடு கலக்கும் கூடுதல் ஒலி) என்பதை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அட்மாஸ் ரிசீவருக்குப் போய்ச் சேராது. பிளேயரின் எச்டிஎம்ஐ கம்பியை முதலில் ரிசீவரில் செருகி, அங்கிருந்து தொலைக்காட்சிக்குக் கொண்டுசெல்லுங்கள். பிளேயரைத் தொலைக்காட்சியில் செருகி, பழைய ஏஆர்சி (தொலைக்காட்சியிலிருந்து ரிசீவருக்கு ஒலியைத் திருப்பும் எச்டிஎம்ஐ வசதி) வழியாக ஒலியைத் திருப்பி எடுத்தால் இழப்பில்லா ஒலி வராது. ரிசீவரின் முகப்பில் எந்தப் பெயர் ஒளிர்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். குழந்தைகள் தூங்கும் நேரத்துக்காக நைட் மோடு போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் உள்ள இடைவெளியை அது நசுக்கிவிடுகிறது.

படி 3: படத்துக்கு மூடுபனியைக் கொண்டு சோதியுங்கள்

பளிச்சென்ற பூவும் கிளியும் நிறைந்த காட்சி எந்தத் தொலைக்காட்சியிலும் அழகாகவே தெரியும்; கடையில் அதையே ஓட்டி வைத்திருப்பதற்குக் காரணமும் அதுதான். பனியும் புகையும் இருட்டும்தான் கடினமானவை. மாலையில் சிம்ஸ் பூங்காப் பக்கம் மூடுபனி இறங்கும்போது, வெண்மை எங்கே தொடங்கிச் சாம்பல் எங்கே முடிகிறது என்று உங்களால் சொல்ல முடியாதல்லவா? நல்ல படத்திலும் அப்படித்தான் இருக்க வேண்டும். தரம் குறைந்த படத்திலோ அந்தப் பனி, கேத்திப் பள்ளத்தாக்கின் சரிவில் வெட்டிய காய்கறிப் பாத்திகளைப் போலப் படிப்படியாகப் பிரிந்து நிற்கும். சாதாரண புளூரே 8 பிட் முறையில் ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் 256 படிநிலைகளைத்தான் வைத்திருக்கிறது. 4கே டிஸ்க்கின் 10 பிட் முறையில் அது 1024 ஆகிறது. பாத்திகள் மறைவது இதனால்தான்.

இதற்கு நான் போடுவது 2017இல் வந்த 'பிளேட் ரன்னர் 2049'. ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்சுக்கு முதல் ஆஸ்கர் விருதைப் பெற்றுத் தந்த படம். பாழடைந்த லாஸ் வேகஸ் நகருக்குள் கதாநாயகன் நடந்து வரும் பகுதியை எடுங்கள். திரை முழுவதும் செம்மஞ்சள் புழுதி மூட்டம். அதற்குள் பெரிய சிலைகள் மெல்லத் துலங்கி வரும். அந்த மூட்டத்தில் வரிவரியாகப் பட்டைகள் தெரிந்தால், முதலில் தொலைக்காட்சியின் ஷார்ப்னஸ் அளவைக் குறையுங்கள், படத்தை வழுவழுப்பாக்கும் மோஷன் வசதியை அணையுங்கள், சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் மோடுக்கு மாறுங்கள். பெரும்பாலான குறைகள் இந்த மூன்றிலேயே தீர்ந்துவிடும்.

பழைய படங்களை ஒதுக்கிவிடாதீர்கள் என்று குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். 1962இல் வந்த 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' 65 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுக்கப்பட்டது. அந்தச் சுருளை 8கே அளவில் வருடி, 4கே தரத்தில் சீரமைத்து 2012இல் வெளியிட்டார்கள். கிணற்றடியில் இருவர் நிற்க, கானல் அலைக்குள் ஒரு கறுப்புப் புள்ளி தோன்றி, அசைந்து, ஒட்டகத்தில் வரும் மனிதனாக மாறும் காட்சி அதில் இருக்கிறது. இடையில் எந்தக் கணத்தில் அந்தப் புள்ளி உங்கள் கண்ணுக்குத் தட்டுப்படுகிறது என்று பாருங்கள். அதே காட்சியை டிவிடியில் போட்டால் அந்தக் கணம் தள்ளிப்போகும். தெளிவு என்றால் என்ன என்பதை விருந்தினருக்கு இதைவிட எளிதாக விளக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

படி 4: ஒலிக்கு முதலில் குரல், பிறகு மழை, அதன் பிறகே இடி

எங்கள் வீட்டில் காட்சி எப்போதும் 2012இல் வந்த 'லைஃப் ஆஃப் பை' படத்தின் தொடக்கத்தோடுதான் தொடங்குகிறது. பாண்டிச்சேரி விலங்குக் காட்சிசாலையில் பிராணிகள் உலவ, பாம்பே ஜெயஸ்ரீ எழுதிப் பாடிய தமிழ்த் தாலாட்டு ஒலிக்கிறது. ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட பாடல் அது. பாடுகிறவர் மூச்சு எடுக்கும் இடமும், சொல்லின் முடிவில் நாக்கு மேலண்ணத்தைத் தொடும் ஒலியும் கேட்க வேண்டும். ஆங்கிலக் குரல் சற்றுத் தடித்துக் கேட்டால் நம்மில் பலருக்குத் தெரியாது. தமிழ்க் குரல் பிசகினால் பாட்டி முதல் பேரன் வரை எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

குரல் சரியாக அமைந்த பிறகு மழைக்குப் போகலாம். 1993இல் வந்த 'ஜுராசிக் பார்க்' படத்தில் டைனோசர் வேலியை அறுத்து வெளியே வரும் இரவுக் காட்சியை எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஆனால் அதில் பின்னணி இசையே இல்லை என்பதைச் சொன்னால் பலரும் வியப்பார்கள். அந்தக் காட்சியைத் தாங்கி நிற்பது மழை. காரின் கூரைமேல் விழும் துளி, இலைமேல் விழும் துளி, சேற்றில் விழும் துளி மூன்றும் தனித்தனியாகக் கேட்கின்றனவா என்று கவனியுங்கள். தகரக் கூரைக்கும் ஓட்டுக் கூரைக்கும் மழைச் சத்தம் எப்படி மாறும் என்பது நமக்குப் பழக்கம்தானே. பிறகு டம்ளர் தண்ணீரில் வளையம் எழும். அந்தக் காலடி ஒலி சப்வூஃபரின் வேலை. ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் கொண்ட 5.1 என்பதில் உள்ள அந்த .1, சுமார் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஆழ்ந்த ஒலிகளுக்காகவே ஒதுக்கப்பட்ட தடம்.

தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் வேலை செய்த என் சித்தப்பா இந்த இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலை மரப்பலகைத் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டார். "கீழ் பாக்டரியில ரோலர் ஓடினா மேல் மாடியில காலுல ஏறுமே, அதே மாதிரி இருக்கு. ஆனா இங்க ஒரு பலகை தனியா ஆடுது பாரு," என்றார். அவர் காட்டிய பலகை உண்மையிலேயே ஆணி தளர்ந்திருந்தது. சப்வூஃபருக்கு அடியில் கனமான ரப்பர் விரிப்பைப் போட்டு, அந்தப் பலகையை இறுக்கி, சன்னல் சட்டத்தின் இடுக்கில் மடித்த காகிதத்தைச் செருகிய பிறகுதான் அந்தக் காலடி சுத்தமாக வந்தது. பழைய மலை வீடுகளில் இருப்பவர்கள், ஸ்பீக்கரைக் குறை சொல்லுமுன் பலகையையும் கண்ணாடியையும் சோதித்துவிடுங்கள்.

ஒலி அறையைச் சுற்றி வருவதைக் காட்ட 2013இல் வந்த 'கிராவிட்டி' போதும். தொடக்கத்தில் வெட்டே தெரியாமல் சுமார் 13 நிமிடம் நீளும் காட்சியில், விண்வெளி வீரர் மிதந்து நகரும் பக்கமெல்லாம் அவர் குரலும் நகர்கிறது. பொதுவாகக் குரல் நடு ஸ்பீக்கரிலேயே நிற்கும். இதில் வலப்புறம் கிளம்பி முதுகுக்குப் பின்னால் சென்று இடப்புறம் வந்து சேரும். ஏதாவது ஓர் இடத்தில் குரல் மெலிந்தாலோ நிறம் மாறினாலோ, அந்தப் பக்கத்து ஸ்பீக்கரின் தூரமும் அளவும் ரிசீவரில் தவறாகப் பதிவாகியிருக்கிறது என்று பொருள்.

அட்டையில் அட்மாஸ் என்று போட்டிருந்தால்தான் ஒலி சிறக்கும் என்றும் எண்ண வேண்டாம். ஒலிக்காக இரண்டு ஆஸ்கர் விருதுகளை வென்ற 'டன்கர்க்' டிஸ்க்கில் இருப்பது 5.1 மட்டுமே; அதில் குண்டுவீச்சு விமானம் ஊளையிட்டபடி இறங்கும்போது அண்ணாந்து பார்க்காதவரை நான் இன்னும் காணவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே படத்தின் உயரம் கூடிக் குறையும்; ஐமாக்ஸ் படச்சுருளில் எடுத்த பகுதிகள் திரையை முழுதாக நிரப்புவதால் வருவது அது, கோளாறு அல்ல.

படி 5: நேரத்தைக் குறித்து வையுங்கள்

ஒவ்வொரு டிஸ்க்கிலும் காட்சி தொடங்கும் மணி, நிமிடம், நொடியைச் சிறு நோட்டில் எழுதி வையுங்கள். விருந்தினர் முன்னால் படத்தை ஓட்டி ஓட்டித் தேடுவது நன்றாக இருக்காது. மொத்தக் காட்சி 25 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். டிஸ்க்குக்கு 3 முதல் 5 நிமிடம் தாராளம். ஒலியளவை முதல் டிஸ்க்கில் வயதானவர் ஒருவரைக் கேட்டு முடிவு செய்து, அதன் பிறகு தொடாமல் விடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கொட்டும்போது தகரக் கூரை வீட்டில் மெல்லிய ஒலி எதுவும் கேட்காது. அந்த நாட்களில் குரலையும் பாட்டையும் மட்டும் காட்டுங்கள். மாறாக, மார்கழி, தையில் உறைபனி இறங்கும் இரவுகளில் அறை அவ்வளவு அமைதியாக இருக்கும். 'எ கொயட் பிளேஸ்' போன்ற, சத்தமே உயிருக்கு ஆபத்தாகும் படத்தை அப்போது போடுங்கள். காது கேளாத சிறுமியின் நிலையிலிருந்து காட்டும் இடங்களில் ஒலி முற்றிலும் அடங்கும்போது, உங்கள் ரிசீவரின் விசிறியோ ஸ்பீக்கரின் இரைச்சலோ கேட்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம்.

படி 6: குளிரிலிருந்து டிஸ்க்கைக் காப்பது

அதே இரவுகளில் குளிர்ந்த அறையிலிருந்து எடுத்த டிஸ்க்கை உடனே பிளேயரில் போட வேண்டாம். சூடான அறைக்குள் வந்ததும் அதன்மேல் நீர் பூக்கும். உறையோடு அரை மணி நேரம் சூடான அறையில் வைத்திருந்து, பிறகு திறவுங்கள். புளூரேவில் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே இருக்கிறது. டிவிடியில் அது 0.6 மில்லிமீட்டர். ஆகவே கீறல் விழாமல், மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வைத்து, மழைக்காலம் தொடங்குமுன் மாற்றிவிடுங்கள். நம் ஊர் ஈரத்தில் அட்டையும் உள்தாளும் முதலில் பூசணம் பிடிக்கும். அங்கே வெள்ளைப் புள்ளி தெரிந்தால், அன்றைக்கே எல்லா டிஸ்க்குகளையும் வெளியே எடுத்துக் காற்றாட வையுங்கள்.