விர்ட் எண்ணைப் பார்த்துப் பயப்படாமல் லினக்ஸ் மெமரியைக் கணக்குப் பார்ப்பது எப்படி

டெர்மினலில் டாப் கட்டளையை ஓட்டி, பெரிய எம் எழுத்தை அழுத்துங்கள். ராமை அதிகம் தின்னும் புராசஸ்கள் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள்) மேலே வந்துவிடும். அங்கே விர்ட் என்ற பத்தியில் குரோமுக்கு நேரே ஒரு டெராபைட்டுக்கு மேல்கூடக் காட்டும், நம் லேப்டாப்பில் இருப்பதோ 8 ஜிபி. கோளாறு ஒன்றுமில்லை. அந்த புராசஸ் தன் பெயரில் வளைத்துப் போட்டிருக்கும் மெமரி முகவரிகளின் அளவு அது, அவ்வளவுதான்.

ஒவ்வொரு புராசஸுக்கும் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் தனியாக ஒரு முகவரி வெளி கொடுக்கிறது. வழக்கமான 64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் 128 டெராபைட் வரை. அது 4 கேபி பேஜ்களாகப் பிரிந்திருக்கும். எந்தப் பேஜ் ராமில் எங்கே இருக்கிறது என்ற கணக்கு பேஜ் டேபிளில் இருக்கும். (ஒவ்வொரு தடவையும் அந்த நாலடுக்கு டேபிளைப் புரட்டிக்கொண்டிருந்தால் வேலை உருப்பட்ட மாதிரிதான், அதனால் அண்மையில் பார்த்ததை சிபியு டிஎல்பி என்ற தன் சின்ன கேஷில் வைத்துக்கொள்ளும்.) ராமில் இல்லாத பேஜைத் தொட்டால் பேஜ் ஃபால்ட்; கர்னல் அப்போதுதான் இடம் பிடித்துக் கொடுக்கும்.

நம்பிக்கை வரவில்லையா, சி மொழியில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதுங்கள். மெமரி கேட்கும் ஃபங்ஷனான மல்லாக்கில் 1 ஜிபி கேட்டுவிட்டு, என்டர் தட்டும்வரை நிற்கட்டும். அப்புறம் 4096 பைட்டுக்கு ஒன்று வீதம் ஏதாவது எழுதிவிட்டு மறுபடி நிற்கட்டும். கம்பைல் செய்யும்போது ஆப்டிமைசேஷன் வேண்டாம், பயன்படாத மல்லாக்கை கம்பைலரே தூக்கிவிடலாம். இன்னொரு டெர்மினலில் டாப்பைப் பாருங்கள்: முதல் நிறுத்தத்தில் விர்ட் மட்டும் 1 ஜிபி ஏறியிருக்கும், ரெஸ் பத்தி (நிஜமாகவே ராமில் இருக்கும் அளவு) சில எம்பியிலேயே கிடக்கும். என்டர் தட்டியதும் ரெஸ்ஸும் 1 ஜிபி தாண்டிவிடும். பேஜுக்கு ஒரே ஒரு பைட்தான் எழுதினோம், ஆனால் முழுப் பேஜுக்கும் ராம் போய்விட்டது.

ஆகவே பார்க்க வேண்டியது ரெஸ். அதையும் எல்லா புராசஸுக்கும் கூட்டிப் பார்க்காதீர்கள். பொது லைப்ரரிகளின் பேஜ்கள் ராமில் ஒருமுறைதான் இருக்கும், ரெஸ்ஸிலோ ஒவ்வொருவர் கணக்கிலும் வரும்.

மெஷின் திணறுகிறதா என்று தெரிய, விஎம்ஸ்டாட் கட்டளைக்குப் பின் 1 என்று போட்டு ஓட்டுங்கள், நொடிக்கொரு வரி வரும். முதல் வரியை விட்டுவிடுங்கள், அது பூட் ஆனதிலிருந்து வந்த சராசரி. ஸ்வாப் என்பது ராமிலிருந்து பேஜ்களை ஒதுக்கிவைக்கும் டிஸ்க் இடம்; எஸ்ஐ அங்கிருந்து ராமுக்கு வருவது, எஸ்ஓ ராமிலிருந்து அங்கே போவது. இந்த இரண்டும் பூஜ்யமாகவே நின்றால், ஸ்வாப்பில் ஒரு ஜிபி கிடந்தாலும் கவலையில்லை. இரண்டிலும் விடாமல் எண்கள் ஓடினால்தான் ராம் போதவில்லை. ரெஸ்ஸில் முதலில் நிற்பதை மூடுங்கள்.