ரிசர்ச் பேப்பர ஜிம்முக்குள்ள எறக்கின கதை

பெங்களூரு அல்சூர்ல ஜிம் ட்ரெய்னரா இருக்கேன், கப்பன் பார்க்ல ஓடுற அண்ணன் ஒருத்தருக்கு அக்கிலீஸ் டெண்டன்ல (குதிகாலுக்கு மேல இருக்குற தசைநாண்) வலி, யூடியூப்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றான், எத நம்புறது? மொதல்ல கேள்விய சுருக்கினேன்: யாருக்கு, என்ன எக்சர்சைஸ், எதோட ஒப்பிட்டு, என்ன மாறணும். அப்புறம் பெட்ரோ (PEDro)ல தேடினேன், அது பிசியோதெரபி ஆராய்ச்சிகளோட டேட்டாபேஸ், ஃப்ரீதான், ட்ரையல் எவ்ளோ ஒழுங்கா செஞ்சிருக்காங்கனு 10க்கு மார்க்கே போட்டு வச்சிருப்பாங்க.

எல்லாரும் சொல்ற ஹீல் டிராப் (படி விளிம்புல நின்னு குதிகால மெதுவா கீழ எறக்குறது) 1998 ஆல்ஃபிரெட்சன் ஸ்டடில இருந்து பிரபலமானது. 15 பேரு, 12 வாரம், முட்டிய நீட்டி 15 தடவ 3 செட், மடக்கி 3 செட், அதையே தெனம் ரெண்டு வேளை, ஆகமொத்தம் நாளைக்கு 180! ஆனா ஆளுங்கள குலுக்கல் முறைல பிரிக்கல. இந்த மாதிரி விவரம் எல்லாம் ஆராய்ச்சிய எப்படி செஞ்சாங்கனு சொல்ற மெத்தட்ஸ் பகுதிய படிச்சாதான் முழுசா தெரியும், அப்ஸ்ட்ராக்ட்டோட (பேப்பர் சுருக்கம்) நிறுத்துறவங்கள பாத்தா எனக்கு எரிச்சலா வரும்.

"தம்பி, ஆபீஸ் போறவன் 180 எப்படிப்பா போடுவேன்"னாரு. நியாயம்தான். மறுபடி தேடினா 2015ல டென்மார்க்ல பேயர் குழு குலுக்கல் முறைல பிரிச்சு செஞ்ச ட்ரையல், வாரம் 3 நாள் வெயிட் வச்சு குதிகால மெதுவா ஏத்தி எறக்குறது, பலன் ஹீல் டிராப்புக்கு ஏறக்குறைய சமம். அதையே எடுத்தோம், கிலோ, ரெப் எல்லாம் நோட்டுல எழுதி பக்கத்துலயே வலி 10க்கு எவ்ளோனு குறிச்சிக்கிறோம், இப்ப படி எறங்கும்போது முன்ன மாதிரி கைப்பிடிய பிடிக்கிறதில்ல.