கரண்ட் போய் வந்தால் எல்லா மெஷினும் ஒரே மாதிரி எழும்ப என்ன செய்யலாம்

தென் ஆப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்தில் நாங்கள் தமிழ் வகுப்பு நடத்தும் ஹாலில் ஆறு பழைய கம்ப்யூட்டர்கள், எல்லாம் ஆளாளுக்குக் கொடுத்தவை, ஒவ்வொன்றிலும் ஒரு வகை லினக்ஸ். லோட் ஷெடிங் முடிந்து பட்டனைத் தட்டினால் நாலு லாகின் படத்தோடு நிற்கும், இரண்டு கறுப்புத் திரையில் கர்சரைச் சிமிட்டும். "உடைஞ்சு போச்சு சார்" என்பார்கள் பிள்ளைகள்.

உடையவில்லை. மெஷின் எந்த நிலையில் எழும்ப வேண்டும் என்று சொல்லும் பழைய ரன்லெவல் எண்கள் செய்த குழப்பம்தான். 0 நிறுத்த, 1 பழுது பார்க்க ஒற்றை ஆள் நிலை, 6 ரீஸ்டார்ட் என்பதில் சண்டை இல்லை. நடுவில்தான் ஒவ்வொரு லினக்ஸ் வகைக்கும் ஒரு வழக்கம்: ரெட் ஹாட்டில் 3 எழுத்துத் திரை, 5 படத்திரை, ஸ்லாக்வேரில் படத்திரைக்கு 4, டெபியனில் 2 முதல் 5 வரை எல்லாமே ஒன்று. எல்லா லினக்ஸுக்கும் பொதுவாக எழுதிய லினக்ஸ் ஸ்டாண்டர்ட் பேஸ் என்ற விதிமுறை ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தும் வழக்கம் மாறவில்லை.

அதனால் எண்ணை விட்டுவிட்டு, மெஷின் எழும்பும்போது மற்றதையெல்லாம் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி தரும் பெயர்களையே பிடித்துக்கொள்ளுங்கள். டெபியன், உபுண்டு இரண்டும் 2015-இலேயே அதற்கு வந்துவிட்டன. முதலில் 'சிஸ்டம்சிடிஎல் கெட்-டிஃபால்ட்' அடித்து ஒவ்வொரு மெஷினும் என்ன சொல்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அப்புறம் பிள்ளைகள் உட்காரும் மெஷின்களுக்கு 'செட்-டிஃபால்ட் கிராஃபிகல்.டார்கெட்', மூலையில் ஃபைல் வைத்திருக்கும் மெஷினுக்கு 'மல்டி-யூசர்.டார்கெட்' (அதாவது எழுத்துத் திரை), இரண்டும் சூடோவோடு, அதாவது நிர்வாகி உரிமையோடு.

இதற்குப் பிறகும் எங்களுடைய இரண்டு அடம்பிடித்தன. ஒன்றில் லாகின் படத்தைக் காட்டும் டிஸ்ப்ளே மேனேஜரே இல்லை, கிராஃபிகல் என்று சொன்னால் மட்டும் படம் எங்கிருந்து வரும்? அதை நிறுவினேன், சரியானது. மற்றதில் யாரோ எப்போதோ, லினக்ஸை ஏற்றிவிடும் கிரப்பின் கோப்பில், கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதிக்கு) கட்டளை கொடுக்கும் வரியின் கடைசியில் தனியாக ஒரு '3' போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதிலிருந்த சிஸ்டம்டி அந்தப் பழைய எண்ணையும் மதித்து, நான் வைத்த டிஃபால்ட்டைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டது. அரை நாள் போனது. அந்த வரியைக் காட்டும் 'கேட் /ப்ராக்/சிஎம்டிலைன்' முதலிலேயே அடித்திருந்தால் அரை நிமிடம். அந்த 3-ஐ அழித்து, டெபியன், உபுண்டு என்றால் 'அப்டேட்-கிரப்' ஓட்டுங்கள்.

ரீஸ்டார்ட் செய்யாமல் மாற்றிப் பார்க்க 'ஐசோலேட்' இருக்கிறது, ஆனால் எஸ்எஸ்எச் வழியாக, அதாவது தூரத்திலிருந்து இணைந்து, பழைய 1-க்கு ஈடான 'ரெஸ்க்யூ.டார்கெட்' மட்டும் வேண்டாம். நான் வீட்டிலிருந்து செய்தேன், அடித்த கையோடு இணைப்பு அறுந்தது, ராத்திரி பத்து மணிக்குக் கார் எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன். சாவி வேறு இன்னொரு அண்ணனிடம்.