ஒரே காரில் நான்கு நாடுகள்: மியூனிக்கிலிருந்து ஓர் ஆல்ப்ஸ் சுற்றைத் திட்டமிடுவது எப்படி?

ஐரோப்பாவில் நாடு விட்டு நாடு காரில் போவது என்றதும் பலருக்கும் மலைப்பாக இருக்கும். ஓட்டுவதில் பெரிய சிரமம் இல்லை. ஜெர்மனியைத் தாண்டி ஆஸ்திரியாவுக்குள் நுழையும்போது, நட்சத்திர வளையத்துக்கு நடுவே நாட்டின் பெயர் எழுதிய நீலப் பலகை ஒன்று வரும், பெரும்பாலும் அவ்வளவுதான் எல்லை. ஆனால் அந்தப் பலகைக்கு அந்தப் பக்கம் டோல் முறை வேறு, பார்க்கிங் விதி வேறு. அதனால் ஊர்களைப் பட்டியல் போடும் முன்பே, எந்த நாட்டில் என்ன விதி என்று பார்த்துவிடுங்கள். செலவும் மன உளைச்சலும் பாதி குறையும்.

1. வட்டப் பாதையாகப் போடுங்கள்

ஒரு நாட்டில் எடுத்த வாடகைக் காரை இன்னொரு நாட்டில் விட்டால் தனிக் கட்டணம் உண்டு. அது சில சமயம் கார் வாடகையையே மிஞ்சிவிடும். எனவே எடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுப்பது நல்லது. முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இந்தச் சுற்று: மியூனிக், இன்ஸ்ப்ரூக், பிரென்னர் கணவாய், போல்சானோ, வெரோனா, மிலான், லூசர்ன், சூரிச், மீண்டும் மியூனிக். மொத்தம் சுமார் 1,200 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டும்படி வைக்காதீர்கள். ஆல்ப்ஸில் வழியெல்லாம் நிறுத்திப் பார்க்கத் தோன்றும். பத்து நாள் தாராளமாகப் போதும்.

2. காகிதங்கள்

ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய இந்த நான்கு நாடுகளுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். இந்திய உரிமம் வைத்திருப்பவர்கள் ஆர்டிஓ மூலம் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் வாங்கிக்கொள்ளுங்கள். அது ஓராண்டு செல்லும். அசல் உரிமமும் கையில் இருக்க வேண்டும், அது இல்லாமல் பன்னாட்டு அனுமதி மட்டும் செல்லாது. உள் எல்லைகளிலும் சில சமயம் சோதனை நடக்கும் என்பதால் பாஸ்போர்ட்டை டிக்கியில் போட்டுப் பூட்டிவிடாதீர்கள்.

3. கார் முன்பதிவு

முன்பதிவு செய்யும்போதே எந்தெந்த நாடுகளுக்குப் போகிறீர்கள் என்று சொல்லி, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். விலை உயர்ந்த கார்களை இத்தாலிக்குக் கொண்டுபோகச் சில நிறுவனங்கள் விடுவதில்லை. முன்பணத்தைப் பிடித்துவைக்க, ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். ஆட்டோமேட்டிக் வேண்டுமானால் தெளிவாகக் குறிப்பிடுங்கள். வலப்பக்கம் ஓட்டிப் பழகாதவர்களுக்கு, இடது கையிலிருந்து வலது கைக்கு மாறிய கியரும் சேர்ந்துகொண்டால் முதல் நாள் திண்டாட்டம்தான்.

4. டோல்: நாட்டுக்கு நாடு வேறு

ஜெர்மனியில் கார்களுக்கு ஆட்டோபான் (நெடுஞ்சாலை) டோல் கிடையாது. ஆஸ்திரியாவில் நெடுஞ்சாலைக்கு 'வின்யெட்' என்னும், குறிப்பிட்ட காலத்துக்கான சாலைக் கட்டணச் சீட்டு வாங்க வேண்டும். இன்ஸ்ப்ரூக்கிலிருந்து பிரென்னருக்கு ஏறும் ஏ13 சாலைக்கு மட்டும் வின்யெட் செல்லாது, தனி டோல். டிஜிட்டல் வின்யெட் வண்டி எண்ணோடு இணைந்தது. வாடகைக் காரின் எண் சாவி வாங்கும்போதுதான் தெரியும், ஆகவே அங்கேயே நின்று போனில் வாங்கிவிடுங்கள். எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்பதைப் பார்த்து வாங்குங்கள். எல்லைக்கு முந்தைய பெட்ரோல் பங்குகளிலும் கிடைக்கும். கூடுதல் காசு பிடுங்கும் இடைத்தரகர் தளங்கள் நிறைய, அதிகாரப்பூர்வத் தளத்தைத் தேடிப் போங்கள்.

சுவிட்சர்லாந்தில் ஆண்டு வின்யெட் மட்டும்தான், 40 பிராங்க். இரண்டு நாள் ஓட்டினாலும் அதே விலை. இல்லாமல் பிடிபட்டால் 200 பிராங்க் அபராதம், அதோடு வின்யெட்டும் வாங்க வேண்டும்.

இத்தாலியில் நெடுஞ்சாலைக்குள் நுழையும்போது சீட்டு எடுத்து வெளியேறும்போது கட்டுவது. மஞ்சள் நிற 'டெலிபாஸ்' வரிசைக்குள் போகவே கூடாது, அது சந்தாதாரர்களுக்கு. பணம், கார்டு படம் போட்ட வரிசையைத் தேடி முன்கூட்டியே லேன் மாறுங்கள்.

5. இத்தாலிய ஊர்களுக்குள் காரை விடாதீர்கள்

இதை ஒன்றுக்கு இரண்டு முறை படியுங்கள். வெரோனா போன்ற ஊர்களின் பழைய நகரப் பகுதி 'ஸெட்.டி.எல்.' எனப்படும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வட்டாரம். தெரு முனையில் சிவப்பு வளையம் போட்ட வெள்ளைப் பலகை, மேலே ஒரு கேமரா. தடுப்புக் கம்பமோ காவலரோ இருக்கமாட்டார்கள். கூகுள் மேப் காட்டும் வழியை நம்பி நேரே போனால், ஒவ்வொரு நுழைவுக்கும் ஒரு அபராதம் மாதங்கள் கழித்து வீடு தேடி வரும். கார் நிறுவனம் தன் கையாளும் கட்டணத்தை அதற்கும் முன்பே கார்டில் எடுத்துவிடும். விடுதி பழைய ஊருக்குள் இருந்தால், உங்கள் வண்டி எண்ணைப் பதிவு செய்ய முடியுமா என்று முன்பே கேளுங்கள். முடியாதென்றால் வெளியே பார்க்கிங்கில் விட்டு நடந்து போங்கள். தெருவோரம் நிறுத்தும்போது கோட்டைப் பாருங்கள்: வெள்ளை இலவசம், நீலம் கட்டணம், மஞ்சள் மற்றவர்களுக்கு ஒதுக்கியது.

6. சாலையில் இரண்டு பழக்கங்கள்

பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருபவருக்கே முன்னுரிமை. சின்னத் தெருவிலிருந்து வந்தாலும் அவர் நிற்கமாட்டார், நீங்கள்தான் நிற்க வேண்டும். மஞ்சள் வைரம் போன்ற பலகை கண்டால் நீங்கள் முன்னுரிமைச் சாலையில் இருக்கிறீர்கள்.

இன்னொன்று, ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர ஆரம்பித்ததும் ஆம்புலன்ஸுக்கு வழி விட வேண்டும். சைரன் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. இடது ஓர லேனில் இருப்பவர்கள் இன்னும் இடதுபுறம், மற்ற எல்லோரும் வலதுபுறம் ஒதுங்குவார்கள். நடுவே நேராக ஒரு பாதை திறந்துகொள்ளும். பார்க்கவே மனது நெகிழும் ஒழுங்கு அது. அவசரத்துக்கு எல்லா இடத்திலும் 112.

7. பருவம்

ஜூன் அல்லது செப்டம்பர் நல்லது. உயரமான மலைப்பாதைகள் குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும். இத்தாலியில் உள்ள 2,757 மீட்டர் உயர ஸ்டெல்வியோ கணவாயை ஆசைப்பட்டுச் சேர்ப்பவர்கள், அது திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மிலானிலிருந்து லூசர்னுக்குப் போகும் வழியில் வரும் கோத்தார்டு சுரங்கப்பாதை (கிட்டத்தட்ட 17 கிலோமீட்டர்) ஆண்டு முழுக்க உண்டு, ஆனால் ஈஸ்டரிலும் கோடை வார இறுதிகளிலும் வாசலில் மணிக்கணக்கில் வரிசை நிற்கும். அதை வாரநாள் காலையில் கடக்கும்படி நாளைக் கணக்கிடுங்கள்.

8. எரிபொருளும் திருப்பிக் கொடுப்பதும்

இத்தாலியில் 'கசோலியோ' என்றால் டீசல், 'பென்சினா' என்றால் பெட்ரோல். டேங்க் மூடியின் உட்புறம் எழுதியிருப்பதைப் பார்த்த பிறகே குழாயை எடுங்கள். நெடுஞ்சாலைப் பங்குகளில் விலை அதிகம், ஊருக்குள் இறங்கி நிரப்பினால் மிச்சம். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. அதனால் உங்கள் சிம்மில் அங்கே ரோமிங் உண்டா என்று பார்த்துக்கொண்டு, வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள்.

திருப்பிக் கொடுக்கும் நாளில் பக்கத்திலேயே டேங்கை நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும், சக்கரங்களும், மீட்டரும் தெரிய படம் எடுங்கள். அபராதக் கடிதங்கள் வந்து ஓயும்வரை ரசீதுகளையும் படங்களையும் அழிக்காதீர்கள்.